அலுமினியப் படகைக் காயலான் கடைக்கு அனுப்பும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மீன்பிடித் தடைக்காலத்தையொட்டிப் படகுப் பராமரிப்பு குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையில், அலுமினியப் படகு நம் கடல் உப்புக்குத் தாக்குப்பிடிக்காது என்றும், ஓட்டை விழுந்த பின் அதைக் காயலான் கடையில் எடைக்குப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை என்றும் ஓர் இடத்தில் கூறப்பட்டிருந்தது. மரவள்ளங்களைப் பற்றியும் ஃபைபர் படகுகளைப் பற்றியும் கட்டுரையாளர் எழுதியவற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. அலுமினியத்தைப் பற்றிய தீர்ப்பு மட்டும் தவறானது என்பதைப் பாம்பன் பகுதியில் நெடுங்காலம் வெல்டிங் பட்டறை நடத்தியவன் என்ற முறையில் தெரிவிக்க விரும்புகிறேன். நான் பார்த்த வரையில் அலுமினியப் படகுகள் உப்பால் அழிவதைவிட, அவற்றுக்குச் செய்யப்படும் பழுதுபார்ப்பால் அழிவதே அதிகம்.

நம் காற்றில் இருக்கும் உப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பைத் துருவிடமிருந்து காப்பதற்கு ஓயாமல் வண்ணம் பூசிக்கொண்டே இருந்ததை இப்பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறார்கள். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி, உலோக அரிப்பை ஆராய்வதற்கான தன் களநிலையத்தை மண்டபத்தில் அமைத்திருப்பதும் இங்குள்ள காற்றின் கடுமையை முன்னிட்டுத்தான். ஆனால் இரும்பின் துரு உதிர்ந்து உள்ளிருக்கும் உலோகத்தை மேலும் திறந்துவிடுவதைப் போல அலுமினியத்தில் நடப்பதில்லை. காற்று பட்ட நொடியிலேயே அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு படலம் உருவாகி, உள்ளே இருப்பதை மூடிக் காக்கிறது. மெக்னீசியம் கலந்த 5052, 5083, 5086 ஆகிய வகைத் தகடுகள் கடலுக்கென்றே பயன்படுத்தப்படுபவை. பெரிய கப்பல்களின் மேற்கட்டுமானம்கூட இவ்வகை உலோகக் கலவைகளால் கட்டப்படுகிறது. அந்தப் படலத்துக்கு ஆக்சிஜன் கிடைக்கும் வரை, வேறு உலோகம் ஒட்டி உறவாடாத வரை, தகடு நிற்கும்.

ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறேன். ஒரு பொழுதுபோக்குப் படகுத்துறையில் ஓடிக் கழிக்கப்பட்ட, தகடுகளை ரிவிட் (அடித்து இறுக்கும் உலோக ஆணி) கொண்டு இணைத்த 14 அடி அலுமினியப் படகு ஒன்றை, தங்கச்சிமடத்தில் நண்டு வலை போடும் என் உறவினர் ஒருவர் எடை விலைக்கு வாங்கிப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். முன்னர் அதைப் பழுதுபார்த்தவர்கள், ஒழுகிய இடங்களில் எல்லாம் ஃபைபர் படகுக்குப் போடும் கண்ணாடியிழைப் பாயையும் பாலியஸ்டர் ரெசின் என்னும் பிசினையும் பூசியிருந்தார்கள். அந்தப் பாயை உளியால் நெம்பியபோது, எந்த எதிர்ப்பும் இன்றி முழுத் துண்டாகப் பெயர்ந்து வந்தது. அதன் அடியில் தகடு இருக்க வேண்டிய இடத்தில் ஈரமான வெள்ளை மாவு அப்பிக்கிடந்தது. எஞ்சின் மாட்டும் பின்பலகையில் பித்தளைப் போல்ட்டைச் சுற்றி விரல் நுழையும் அளவு அரிப்பு. தரைப்பலகையின் கீழ் ஊசித்துளைகள். ஆனால் நாள்தோறும் கடல்நீரில் கிடந்து, மணலில் இழுபட்ட வெளி அடிப்பகுதியோ, கீறல்களையும் நசுங்கல்களையும் தவிர வேறு குறையின்றித் திடமாக இருந்தது. உப்பு எங்கே அதிகம் பட்டதோ அங்கே படகு நன்றாக இருந்தது, மனிதர் கை எங்கே அதிகம் பட்டதோ அங்கே அது அழிந்திருந்தது என்பதை இதற்கு மேல் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

காரணம் எளியது. கடல்நீரில் இரண்டு வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு இருந்தால், மின்கலத்தில் நடப்பது அங்கேயும் நடக்கும். இரண்டில் எளிதில் கரையக்கூடியது கரைந்துகொண்டே போகும். செம்பு, பித்தளை, ஈயம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆகிய எதனுடன் சேர்ந்தாலும் கரைவது அலுமினியமாகவே இருக்கும். ஆகவே வலையிலிருந்து கழன்று படகின் அடியில் விழுந்த ஓர் ஈயக்குண்டு, ஒயர் சீவியபோது சிந்திய செம்புக் கம்பித் துண்டு, சட்டைப்பையிலிருந்து விழுந்த பித்தளை ஐந்து ரூபாய் நாணயம் ஆகியவை தேங்கிய உப்புநீரில் பல மாதம் கிடந்தாலே அவ்விடத்தில் குழி விழுந்துவிடும். வலைக்கு ஈயம் கட்டும் நம் ஊரில் இது அன்றாட ஆபத்து. கொட்டலசு என்னும் ஓட்டுயிரிகள் ஒட்டாமல் இருக்க மரப்படகின் அடியில் பூசும் செம்பு ஆக்சைடு கலந்த வண்ணத்தை, மிச்சம் இருக்கிறதே என்று அலுமினியப் படகுக்கும் பூசுகிறவர்கள் உண்டு. அவர்கள் தம் கையாலேயே படகின் அடி முழுவதும் செம்பைத் தடவுகிறார்கள். நாள்தோறும் கரையேற்றப்படும் சிறு படகுக்கு அந்த வண்ணமே தேவையில்லை.

பாலியஸ்டர் ரெசின் ஃபைபரோடு பிடித்துக்கொள்வதைப் போல அலுமினியத்தோடு பிடிப்பதில்லை. சில நாள் வெயிலில் தகடு விரிந்து சுருங்கியதும் ஓரம் விட்டுக்கொடுக்கிறது, உப்புநீர் உள்ளே புகுந்து வெளியேற வழியின்றி நிற்கிறது, காற்று போகாத அந்த இடுக்கில் ஆக்சைடு படலம் மீண்டும் உருவாக முடியாமல் தகடு கரைகிறது. தரையில் ஒட்டிய ஈரக் கம்பளமும், சேறும், நனைந்த மரமும் செய்வது இதே வேலைதான். ஃபைபருக்குச் செய்யும் வைத்தியம் ஃபைபரோடு நிற்கட்டும்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்கப் படகைக் கடலில் இறக்க வேண்டியதில்லை. உள்ளே நான்கு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, மேடையில் உயர்த்தி வைத்து, கீழே படுத்துப் பார்த்தால், எந்த ரிவிட் கசிகிறது என்பது ஈரப்பொட்டாகத் தெரிந்துவிடும்; சாக்பீசால் வட்டமிட்டுக்கொள்ளலாம். விளிம்பு வரை நிரப்பக் கூடாது, ஏனெனில் ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ, அதைத் தாங்குவதற்கு மேடையும் படகும் அமைந்தவை அல்ல. தளர்ந்த ரிவிட்டை, ஒருவர் தலைப்பக்கம் கனமான இரும்புக்கட்டியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் உள்ளிருந்து சுத்தியால் தட்டினால் பெரும்பாலும் இறுகிவிடும். தேய்ந்து போனதை எடுத்துவிட்டு, துளையில் கடலுக்கு உகந்த பாலியூரித்தேன் சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) வைத்து, திட அலுமினிய ரிவிட் அடிக்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் பாப் ரிவிட்டின் நடுத்தண்டு பெரும்பாலும் இரும்பு என்பதையும், அது உள்ளேயே முறிந்து தங்கிவிடும் என்பதையும் வாங்குவோர் கவனிப்பதில்லை.

வெல்டிங் தொழிலில் இருந்துகொண்டே இதைச் சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம்: ரிவிட் அடித்த பழைய படகை எடுத்தவுடன் வெல்டிங் செய்யக் கூடாது. இவ்வகைச் சிறு படகுகளின் தகடு பெரும்பாலும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவே இருக்கும். வெப்பம் பட்டால் அது நெளிவதோடு, பக்கத்தில் இருக்கும் ரிவிட்களும் தளர்ந்து, ஓர் ஒழுக்கு மூன்றாகும். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், அதை மூடியிருக்கும் ஆக்சைடோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும்; ஆகையால் மேல்தோல் உருகுவதற்குள் உள்ளிருக்கும் தகடு சொட்டி விழுந்துவிடும். ஏ.சி. மின்சாரத்தில் இயங்கும் ஆர்கான் வெல்டிங் அந்தத் தோலை உடைத்துக்கொண்டு இணைக்கும். அதற்கும் உப்பு முழுவதும் நன்னீரில் கழுவப்பட்டு, அலுமினியத்துக்கென்றே தனியாக வைத்த ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் தேய்க்கப்பட்டு, தகடு ஈரமே இன்றி உலர்ந்திருக்க வேண்டும். பாம்பனில் திறந்தவெளியில் இதைச் செய்ய முயல்பவர், கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று, உருகிய உலோகத்தை மூடிக் காக்கும் ஆர்கான் வாயுவை அடித்துக்கொண்டு போய், வெல்டிங் இணைப்பு முழுவதும் கரிந்த பொருக்காக முடிவதைக் காண்பார். நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டாமல் நான் வெல்டிங் டார்ச்சை எடுத்ததில்லை. தகடு பெரிய அளவில் அரிக்கப்பட்டிருந்தால், அதே வகைத் தகட்டில் மூலைகளை வளைத்து வெட்டிய ஒட்டுத் துண்டை சீலன்ட் மேல் வைத்து ரிவிட் அடிப்பதே பாதுகாப்பு. பாத்திரக்கடை அலுமினியம் மென்மையானது. அது இதற்கு உதவாது.

பின்பலகை தனிக் கவனத்துக்கு உரியது, ஏனெனில் எஞ்சினின் உந்துவிசை முழுவதும் அதன் வழியாகவே படகுக்குப் போகிறது. தகடுகளுக்கு நடுவே உள்ள பிளைவுட் உளுத்திருப்பதை, எஞ்சினை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தாலே அறியலாம். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டை இரண்டு அடுக்காக எப்பாக்சியால் ஒட்டி, வெட்டுமுனைகளையும் போல்ட் துளைகளின் உட்சுவர்களையும் எப்பாக்சியால் அடைத்த பிறகே பொருத்த வேண்டும். பூச்சி அரிக்காமல் இருக்கச் செம்பு உப்பு ஏற்றிய மரம் இங்கே கூடவே கூடாது. ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளுக்கு நைலான் வாஷரும் உறையும் போட்டால் தகடும் போல்ட்டும் தொடாமல் இருக்கும். பலகையின் உயரம் எஞ்சினுக்கு ஏற்றதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். குட்டைத் தண்டு எஞ்சினுக்கு 15 அங்குலமும் நெட்டைத் தண்டுக்கு 20 அங்குலமும் வழக்கமான அளவுகள்.

என் உறவினரின் படகை அவர் தொழிலுக்கு ஏற்ப மாற்றியதில் இரண்டு செய்திகள் மற்றவர்களுக்கும் பயன்படக்கூடும். நண்டு வலை இழுக்கும்போது விளிம்பில் எது நீட்டிக்கொண்டிருந்தாலும் கண்ணி மாட்டிக் கிழியும் என்பதால், பி.வி.சி. குழாயை நீளவாக்கில் பிளந்து விளிம்பின் மேல் கவிழ்த்தோம். குழாய்க்குள் நீர் தேங்காமல் இருக்க அதன் அடிப்புறத்தில் சாண் இடைவெளியில் துளை போட்டோம். இருக்கைகளுக்குள் இருந்த பழைய நுரை தண்ணீர் குடித்துப் பாரமேறிக் கிடந்ததால், அதை அகற்றிப் பாலிஎத்திலீன் நுரைப்பலகையை வைத்தோம். தெர்மாக்கோல் மலிவுதான், நம் கடற்கரையில் தெப்பமே அதில் கட்டுகிறார்கள். ஆனால் சிந்திய பெட்ரோல் பட்டால் அது கரைந்துபோகும். பெட்டி, மேடை, நிழற்கூரை என்று மேலே மேலே கட்டிக்கொண்டே போக அவர் ஆசைப்பட்டபோது நான் சம்மதிக்கவில்லை. இலேசான படகில் பாரம் உயர உயர, வலையை ஒரு பக்கமாக இழுக்கும்போது கவிழும் வாய்ப்பும் உயரும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். 14 அடி அலுமினியப் படகின் வெற்றுடல் ஏறத்தாழ 100 கிலோ. நான்கு பேர் தூக்கிக் குட்டியானை வண்டியில் ஏற்றிவிடலாம். வாடைக் காலத்தில் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கொந்தளிக்கும்போது தென்கடலிலும் (மன்னார் வளைகுடாப் பக்கம்), கச்சான் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடலிலும் தொழில் செய்கிற எங்கள் தீவுக்கு, தரைவழியே கடல் மாற்றிக்கொள்ளக்கூடிய படகின் அருமை தெரியும். ஆழம் குறைந்த பாக் நீரிணையில் கரையோர நண்டு, கணவாய்த் தொழிலுக்கு இது பொருந்தும். தொலைகடலுக்கோ, பெரும் பாரம் ஏற்றவோ இது ஆகாது. நண்பகல் வெயிலில் தகடு சுடும், அலை மோதும் ஓசை அதிகம் என்பதும் உண்மை.

எனவே தங்கள் நாளிதழ் வழியாக ஒரு கோரிக்கையை முன்வைக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் பலர் வேலையின்றி இருக்கிறார்கள். அந்நாட்களில் மாவட்டத்தின் அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் வழியாக, அலுமினிய ஆர்கான் வெல்டிங், ரிவிட் பழுது, உலோக அரிப்புத் தடுப்பு ஆகியவற்றில் குறுகிய காலப் பயிற்சி ஒன்றை மீன்வளத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். அரிப்பைப் பற்றிப் பாடம் எடுக்கத் தகுதியுள்ளவர்கள் மண்டபத்திலேயே இருக்கிறார்கள். பயிற்சியைக் கடற்கரைக் கிராமங்களில் நடத்தினால், பெயர்ந்து விழும் பாயும் ரெசினும் பூசிக் காசு வாங்கும் வழக்கம் குறையும். அத்தகைய பயிற்சி அமையுமானால், என் பட்டறையையும் கருவிகளையும் கட்டணமின்றித் தரச் சித்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.