மண்ணெண்ணெயை வெறுமனே ஊற்றி ஓட்டவில்லை

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

இரண்டாம் உலகப் போரில் களத்தில் நின்ற பிரித்தானியப் படையினரும் தொழிற்சாலைகளில் நின்றவர்களும் ஒருவரையொருவர் தாங்கிய விதம் பற்றி உங்கள் வாரப் பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். கடைசிப் பந்தியில் இலங்கையின் வடக்கிலுள்ள எங்கள் வன்னியையும் தொட்டு, ‘பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயை ஊற்றியே வாகனம் ஓட்டினார்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். வெறுமனே ஊற்றினால் ஆறிய எஞ்சின் ஸ்ரார்ட் ஆகாது. எப்படியோ ஸ்ரார்ட் ஆனாலும் கனநாள் தாங்காது.

அரசு பொருளாதாரத் தடை போட்டிருந்த 1990 முதல் 2002 தை வரை பெற்றோல் இங்கே போத்தல் கணக்கில், யானை விலையில் விற்றது. மண்ணெண்ணெயும் அளந்துதான் கிடைத்தது. பற்றறிக்கும் உதிரிப்பாகங்களுக்கும் அதே கதி. அந்த நிலையில் தெருவில் ஓடியவர்களையும் கராஜில் நின்றவர்களையும் சேர்த்துக் கட்டியது பேச்சல்ல, வேலை. அந்த வேலை என்னவென்று எழுதி வைப்பது நல்லது.

பெற்றோல் குளிரிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்கவே ஏறக்குறைய 150 பாகை செல்சியஸ் வேண்டும். ஆகவே, ஆறிய எஞ்சினுக்குள் அது துளியாகவே போய், தீப்பொறி தரும் பிளக்கை நனைக்கும். முதலில் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதுதான் வழி. இறைப்பு மெசின் வைத்திருந்த தோட்டக்காரருக்கு இது முன்பே தெரிந்த வித்தை. எம்.டி. 90 மோட்டார் சைக்கிளிலும் பழைய ஒஸ்ரின், மொரிஸ் கார்களிலும் அதையே செய்தார்கள். சூப்பிப் போத்தலில் (குழந்தைக்குப் பால் கொடுக்கும் போத்தல்) இருந்து, எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேற்றரின் வாயில் ஐந்தாறு மில்லிலீற்றர் பெற்றோலைப் பீச்சி, உதைத்து, மெல்ல உறுமவிட்டு, சிலிண்டர் செட்டையில் கை வைக்க முடியாத சூடு வந்ததும் மண்ணெண்ணெய்க் குழாயை முழுதாகத் திறப்பார்கள். அவசரப்பட்டுத் திறந்தால் வெள்ளைப் புகை தள்ளி நின்றுவிடும். பிறகு பிளக்கைக் கழற்றித் துடைக்காமல் வேலையில்லை.

நிறுத்துவதற்கும் முறை உண்டு. வீட்டுக்குக் கிட்ட வரும்போதே குழாயைப் பூட்டி, காபரேற்றர் கிண்ணத்தில் கிடப்பதை எரித்து முடிக்கவேண்டும். மறந்தவர் மறுநாள் காலையில் சூப்பியில் உள்ள பெற்றோல் முழுவதையும் பீச்சினாலும் நாலு வெடி வெடித்து நின்றுவிடும். அடியில் கிடக்கும் மண்ணெண்ணெயை அடித்திருகு கழற்றி வடிக்கும் வரை அதுதான் நிலைமை.

மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன், அதாவது அமுக்கத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் தன்மை, மிகக் குறைவு. பாரத்தோடு ஏத்தம் ஏறும்போது ‘டிக் டிக்’ என்று தட்டும். கவனிக்காவிட்டால் பிஸ்ரன் தலை ஓட்டையாகும். அதற்காக இக்னிஷனை (பிளக்கில் பொறி விழும் நேரத்தை) கொஞ்சம் பிந்த வைத்து, அமுக்கம் குறைய, சிலிண்டரின் மூடியான ஹெட்டுக்குக் கீழே ஒரு மில்லிமீற்றர் அளவான செப்புத் தகட்டில் மேலதிகமாக ஒரு காஸ்கற் வெட்டிப் போடுவார்கள். தகட்டைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டபிறகே பொருத்தவேண்டும். அப்போதுதான் செம்பு இளகிப் படியும். அப்படியே போட்டால் ஓரத்தால் காற்றுப் போகும். இரண்டு தகடு போட்டால் இன்னும் நல்லதென்று நினைத்தவர்களும் உண்டு. அமுக்கம் அளவுக்கு மிஞ்சி விழுந்து, பெற்றோலிலும் ஸ்ரார்ட் ஆகாமல் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

காரென்றால் சூடு ஆறாமலிருக்க ரேடியேற்றருக்கு முன்னால் சாக்கைப் பாதி மறைத்துக் கட்டுவது வழக்கம். மண்ணெண்ணெய்ச் செப்புக் குழாயைச் சைலன்சரில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிச் சூடேற்றியும் கொடுத்தார்கள். அந்தச் சுற்றில் ஈயப்பற்று வைக்கவே கூடாது. சூட்டில் ஈயம் உருகினால் மண்ணெண்ணெய் நேரே சைலன்சரில் ஒழுகும். பித்தளைப் பற்றுத்தான் தாங்கும்.

எல்லாவற்றையும்விடப் பொல்லாதது ஒயில். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும். ஒயில் அளவுகம்பியில் மட்டம் குறையாது, ஏறும். புதிதாக ஓட்டுபவர் அதைக் கண்டு சந்தோசப்படுவார். அடுத்த கிழமை, ஒயில் நீர்த்துப் பெயரிங் பிடிக்கும். அளவுகம்பியை முகர்ந்து பார்க்கவேண்டும், ஒயிலை விரலிடையில் தேய்த்துப் பார்க்கவேண்டும். வழக்கமான தூரத்தின் பாதியிலேயே மாற்றவும் வேண்டும். கழித்த ஒயிலைத் தெளியவிட்டுத் துணியில் வடித்தால் கரியும் இரும்புத் தூளும் போகும், கலந்த மண்ணெண்ணெய் போகாது. ஆகவே அது சங்கிலிக்கும் வண்டில் அச்சுக்கும்தான். ஒயில் இல்லையென்று மரக்கறி எண்ணெய் விட்டால் அது பசையாகி ரிங்கைப் பிடித்துவிடும்.

சாரதியும் மெக்கானிக்கும் ஒருவரில் ஒருவர் தங்கியிருந்தது இங்கேதான். பரிசோதிக்கும் கருவி ஒன்றும் கிடையாது. ஹாக்சோ பிளேட்டின் தடிப்பு ஏறக்குறைய 0.63 மில்லிமீற்றர் என்பதால் பிளக் இடைவெளிக்கு அதுவே அளவு. மிச்சமெல்லாம் சாரதியின் காதும் மூக்கும்தான். ‘ஏத்தத்தில தட்டுது’ என்றால் இக்னிஷன். ‘கறுப்பாய்ப் புகைக்குது’ என்றால் எண்ணெய் வரத்துக் குறைய காபரேற்றர் ஊசியை ஒரு காடி இறக்கு. ‘ஒயில் கூடுது’ என்றால் வண்டியை உடனே நிறுத்து. இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர், நோயாளியோடு மல்லாவி ஆஸ்பத்திரிக்கோ அக்கராயன் ஆஸ்பத்திரிக்கோ போன வண்டி திரும்பி வருவதற்குப் பாதிப் பொறுப்பாளி. உடைந்த சாமானை எறியாமல் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து கொடுப்பதும் அவர் கடமை. துண்டு கையில் இருந்தால்தான் கடைச்சல் பட்டறையில் அளவெடுத்துப் புதிதாகக் கடையலாம்.

உங்கள் கட்டுரையில் பிரித்தானிய வயல்களையும் சேர்த்திருக்கலாம். போர்க்காலத்தில் அங்கே உழுத போர்ட்சன் உழவு இயந்திரங்கள் பெரும்பாலும் இதே முறையில்தான் ஓடின. பெற்றோலுக்குச் சிறிய அறை, மண்ணெண்ணெய் இனத்து எண்ணெய்க்குப் பெரிய தாங்கி. ஆனால் அவர்களுக்கு அதற்கென்றே தயாரித்த எண்ணெய் கிடைத்தது. இங்கே விளக்குக்கு வந்த மண்ணெண்ணெய்தான், அதிலும் பங்கு போட்டு.

2022 இல் பெற்றோல் வரிசை நீண்டபோது சில இளைஞர்கள் பெரியவர்களின் கதையைக் கேட்டுவிட்டுப் புது மோட்டார் சைக்கிளில் மண்ணெண்ணெய் கலந்தார்கள். பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்ற கணக்கு) ஏழு, எட்டுக்குக் கிட்ட. இப்போதையவை ஒன்பது, பத்து. செப்புத் தகடும் போடாமல், இக்னிஷனும் மாற்றாமல் ஊற்றினால் என்ன நடக்கும் என்று மேலே எழுதியிருக்கிறோம். ‘ஊற்றியே ஓட்டினார்கள்’ என்று பத்திரிகையில் வந்தால் அடுத்த தட்டுப்பாட்டிலும் அதையே செய்வார்கள்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது. அப்படி மாற்றிய எஞ்சின் ஒன்றையாவது மாணவர்கள் கழற்றி, காஸ்கற் தடிப்பையும் அமுக்க விகிதத்தையும் அளந்து படம் வரைந்து வைத்தால் பெரிய காரியம். பழைய இரும்பு வாங்கும் லொறிகள் இப்போது வீடு வீடாக வருகின்றன. செப்புக் காஸ்கற் போட்ட ஹெட்டோ, இரட்டைக் குழாய் பூட்டிய காபரேற்றரோ வைத்திருப்பவர்கள் கிலோக் கணக்கில் கொடுத்துவிடவேண்டாம். காபரேற்றரைக் கழுவிக் காயவிட்டு, ஒயில் துணியில் சுற்றி, எந்த வண்டியில் பூட்டியிருந்தது, ஊசி எத்தனையாவது காடியில் நின்றது என்று ஒரு துண்டில் எழுதி உள்ளே வையுங்கள்.

இப்படிக்கு,
பழைய கராஜ் தொழிலாளர் சிலர்,
புதுக்குடியிருப்பு.