நம் விளையாட்டைக் காப்பாற்ற: சனிக்கிழமைக்குள் செய்ய வேண்டியவை

அனைவருக்கும் வணக்கம். நம் ஆன்லைன் விளையாட்டு இயங்கும் சர்வரை அதை நடத்தும் நிறுவனம் மூடப்போகும் அறிவிப்பைப் பார்த்திருப்பீர்கள். நேற்றிரவு விளையாட்டுக்குள் நம் கில்ட் (வீரர் குழு) கூடத்தில் யாருக்கும் பேச்சே வரவில்லை. ஆனால் வழி இருக்கிறது: 2012-இல் மூடப்பட்ட சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற ஆன்லைன் விளையாட்டை ரசிகர்கள் நடத்த, 2024 ஜனவரியில் முறையான உரிமமே கிடைத்தது.

சனிக்கிழமை இரவு 8 மணிக்குக் குரல் அழைப்பில் கூடுவோம். அதற்குள்:

1. நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒரே வாசகத்தை நகலெடுத்து அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள். உங்கள் அனுபவத்தை நாலு வரியில் சொன்னால் போதும். கோரிக்கை ஒன்றுதான்: ரசிகர்கள் சர்வர் நடத்த உரிமம் வேண்டும்.
2. ஊழியர்களைத் திட்டாதீர்கள். அவர்களும் வருத்தத்தில்தான் இருப்பார்கள்.
3. வரைபடங்கள், உரையாடல்களைத் திரைப்பதிவு செய்யுங்கள். சர்வர் போனால் திரும்ப எடுக்க முடியாது.

மின்னஞ்சல் அனுப்பியதும் இங்கே சொல்லுங்கள். அப்புறம், அழைப்புக்கு வர முடியாதவர்கள் வெள்ளிக்குள் தெரிவிக்கவும்.