லதா காசுக்காகவா சண்டை போட்டார்?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது, வீட்டில் வெள்ளையடிக்கிற வேலை நடந்ததால் உடனே எழுத முடியவில்லை. மகனோடு மும்பைக்கே போய்விடப் போகிறாய் என்பது சந்தோஷம்தான். ஆனால் உன் முட்டி வலிக்கு அந்த வீட்டில் லிஃப்ட் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்.

சரி, இந்திப் பாடகி லதா மங்கேஷ்கர் விஷயத்துக்கு வருகிறேன். பாடகர் முகமது ரஃபி தங்கமான மனுஷன், லதாதான் காசுக்காக அவரோடு சண்டை போட்டார் என்று எழுதியிருக்கிறாய். முதல் பாதி உண்மை. காசில்லாத தயாரிப்பாளர்களுக்குப் பேருக்கு ஏதோ வாங்கிக்கொண்டு பாடிக் கொடுத்தவர் அவர். இரண்டாம் பாதியைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

1949இல் வந்த 'மஹல்' படத்துப் பாட்டை ஒருமுறை ஹெட்போன் போட்டுக் கேள். 'ஆயேகா ஆனேவாலா' என்று பல்லவி தொடங்குவதற்கு முன்னால், தாளம் இல்லாமல் 'காமோஷ் ஹை ஜமானா' என்று வருமே, அங்கே குரல் எங்கோ தூரத்தில் கிளம்பி கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வரும். மைக்கை அறை நடுவில் வைத்துவிட்டு, லதாவை ஒரு மூலையிலிருந்து பாடிக்கொண்டே நடந்துவரச் சொன்னார்கள், பல்லவி எடுக்கும்போது சரியாக மைக் முன்னால் வந்து நிற்க வேண்டும். நடக்கும்போது சுருதி விலகக் கூடாது, மூச்சு இரைக்கக் கூடாது. அப்போது அவருக்கு இருபது வயதுகூட இருக்காது! இசையமைத்த கேம்சந்த் பிரகாஷ், பாவம், படம் வந்து ஒரு வருஷம் ஆவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இவ்வளவு பாடுபட்டுப் பாடிய பாட்டின் இசைத்தட்டில் பாடகி பெயர் 'காமினி' என்று இருந்தது. அது மதுபாலா நடித்த பாத்திரத்தின் பெயர். யார் பாடியது, யார் பாடியது என்று நேயர்கள் ரேடியோவுக்கு எழுதிக் கேட்ட பிறகுதான் லதாவின் பெயர் வெளியே வந்தது. இப்படி ஆரம்பித்தவர் பிற்பாடு பிடிவாதம் பிடித்தால் அதில் என்ன தப்பு? ஃபிலிம்ஃபேர் விருதில் அப்போது இசையமைப்பாளருக்குப் பரிசு உண்டு, பாடகருக்குக் கிடையாது. 1957இல் சங்கர்-ஜெய்கிஷனுக்கு விருது கொடுக்கும் மேடையில் பாடக் கூப்பிட்டபோது முடியாது என்றுவிட்டார். 1959இல் பாடகர் விருது வந்தது, முதல் விருதும் அவருக்கே, 'மதுமதி' பாட்டுக்காக.

ராயல்டி சண்டையும் இதே மாதிரிதான். பாடியதற்குச் சம்பளம் வாங்கியாயிற்று, அதோடு கணக்கு முடிந்தது என்றார் ரஃபி. தட்டு விற்கிற வரைக்கும் பாடியவருக்கும் பங்கு வேண்டும் என்றார் லதா. அதில் சில வருஷங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே பாடவில்லை. கை நிறையப் பாட்டு இருக்கிற ரஃபி பங்கு வேண்டாம் என்று சொல்லலாம், ஆனால் பாடகி கீதா தத்தை நினைத்துப் பார். கணவர் குரு தத் இறந்த பிறகு பணக் கஷ்டத்தில் மேடைக் கச்சேரி செய்து பிழைத்து, 1972இல் 41 வயதில் இறந்துபோனார். அவர் பாட்டுகளோ இன்றைக்கும் விற்கின்றன. அந்தப் பங்கு வந்திருந்தால் அவர் கடைசி வருஷங்கள் அப்படி இருந்திருக்குமா? பாடகருக்கு ராயல்டி உரிமை தந்த சட்டத் திருத்தம் 2012இல்தான் வந்தது. இதைத்தான் உன்னிடம் அழுத்திச் சொல்ல நினைத்தேன்.

அந்தச் சண்டையில் நமக்குக் கிடைத்த ஒரே லாபம் பாடகி சுமன் கல்யாண்பூர். ரஃபியோடு பாடும் வாய்ப்புகள் அப்போதுதான் அவருக்கு நிறைய வந்தன. குரல் லதா மாதிரியே இருப்பதாகச் சொல்லியே அவரை ஓரம் கட்டிவிட்டார்கள் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

மும்பை போனதும் சோர் பஜாரில் மட்டன் தெருப் பக்கம் ஒரு நடை போ, பழைய இசைத்தட்டுகள் கிடைக்கும். சுமனின் தட்டு எது கண்ணில் பட்டாலும் கீறல் இருக்கிறதா என்று பார்த்து, பேரம் பேசி வாங்கிவிடு. பணம் உடனே அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்