முத்தநாதனும் பொற்கொல்லனும் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், இலக்கியம் காட்டும் போலி மனிதர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். உமியோட்டின் முன்னால் உட்கார்ந்தே தலை நரைத்த நகை ஆசாரி நான், ஊர் திருக்கோவலூர். கட்டுரையாளர் விரிவாக எழுதிய இரண்டு பேரில் ஒருவன் என் ஊருக்கு வந்து கத்தி எடுத்தவன், இன்னொருவன் என் தொழிலைச் செய்தவன். பிறகு நான் எழுதாமல் எப்படி?

முத்தநாதன் கதையைச் சொல்லி எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை இன்றும் வளர்க்கிறார்கள். போரில் தோற்றுத் தோற்று அலுத்துப்போனவன், உடம்பெல்லாம் திருநீறு பூசி, சடை முடித்து, ஏட்டுக் கட்டுக்குள் கத்தியை ஒளித்துக்கொண்டு எங்கள் ஊரை ஆண்ட சிவபக்தர் மெய்ப்பொருள் நாயனாரின் அரண்மனைக்குள் நுழைகிறான். 'மைபொதி விளக்கே என்ன மனத்தினுள் கறுப்பு வைத்து' என்று சேக்கிழார் பாடுவார். குத்துப்பட்ட அரசர், வெட்ட ஓடிவந்த காவலன் தத்தனை 'தத்தா, நமர்' (இவர் நம்மவர்) என்று தடுத்து, கொலைகாரனைப் பத்திரமாக ஊர் எல்லை தாண்டி விட்டுவரச் சொல்கிறார். கார்த்திகை உத்திரத்தன்று குருபூஜையில் இதைக் கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு, அண்மையில் டிவியில் மாட்டிய சாமியார் எவரையாவது பற்றிப் பேசிக்கொண்டே பிரசாதம் வாங்கப் போவார்கள்.

அடுத்தது எங்கள் ஆள். சிலப்பதிகாரப் பொற்கொல்லன். 'தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான்' என்று ஊரே சொல்லிக்கொண்டிருக்கும்போது அவனுக்காக வக்காலத்து வாங்கி என்ன ஆகப்போகிறது? வாங்கவும் மாட்டேன். ஆனால் கட்டுரையாளர் விட்டுவிட்ட இடம் ஒன்று உண்டு. கோவலனைப் பிடிக்க வந்த காவலர்கள் அவன் தோற்றத்தைப் பார்த்து, 'இவன் கொலைப்பட வேண்டிய ஆள் இல்லையே' என்று தயங்குகிறார்கள். அப்போது அந்தக் கொல்லன் மனத்துக்குள் சிரித்துக்கொண்டு அவர்களுக்குப் பாடம் நடத்துகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி, ஆகக் கள்வனுக்குத் துணை எட்டு என்று வரிசையாக அடுக்குகிறான். அரசியின் சிலம்பைத் திருடியவனே அவன்தான்! திருட்டைப் பற்றி அவ்வளவு விவரமாகப் பேச அங்கே வேறு யாரால் முடியும்? இளங்கோவடிகளின் குறும்பு அந்த இடத்தில் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

அதைவிட முக்கியமானது காப்பியத்தின் முகப்பிலேயே, உரைபெறு கட்டுரையில் இருக்கிறது. மழை பொய்த்து, நோயும் பஞ்சமும் வந்தபோது, கொற்கையில் இருந்த பாண்டியன் வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரம் பேரைக் கொன்று கண்ணகிக்குச் சாந்தி செய்தானாம். சிலம்பை எடுத்தவன் ஒருவன். விசாரிக்காமல் 'கொன்று கொண்டு வா' என்றது அவனுக்கு முன் ஆண்ட நெடுஞ்செழியன் வாய். பழி தீர்க்கப் போனதோ பட்டறையில் ஊதுகுழல் பிடித்திருந்த ஆயிரம் பேரின் தலை. பட்டிமன்றங்களில் சிலம்பை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இந்த ஆயிரம் பேரை ஒருவரும் எடுத்துப் பேசியதில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். போலித்தனம் என்றவுடன் ஒரு காவி வேட்டியையோ ஒரு தொழிலையோ காட்டிவிட்டு, குடும்பஸ்தர்களான நாம் நழுவிவிடுகிறோம். 'கூடாவொழுக்கம்' அதிகாரத்தை வள்ளுவர் துறவறவியலில் வைத்தது நமக்கு மிகவும் வசதியாகப் போய்விட்டது. அது சாமியார்களுக்கு எழுதியது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அதே அதிகாரத்தில்தான் எங்கள் தராசுத் தட்டில் இருந்து ஒரு பொருளை எடுத்து வைத்திருக்கிறார்:

'புறங்குன்றி கண்டனைய ரேனும் அகங்குன்றி
மூக்கிற் கரியார் உடைத்து.'

குன்றிமணியை வைத்துத் தங்கம் நிறுத்த பரம்பரை நாங்கள். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்பது என் தாத்தா காலத்துக் கணக்கு. அந்த மணியின் கறுப்பு உள்ளே ஒளிந்திருப்பதில்லை. வெளியில், அதன் மூக்கில்தான் இருக்கிறது. மூக்கைக் கீழே அழுத்தி வைத்தால் மேலே முழுச் சிவப்பு. விரலால் ஒரு புரட்டுப் புரட்டினால் போதும். எங்கள் பகுதியில் கல்யாணத்துக்கு முந்தின வாரம் நான் பார்க்கும் மனிதர்கள் பலர் அப்படித்தான்.

ஒருமுறை மாப்பிள்ளை வீட்டுக்கு உரைகல்லோடு வரச் சொல்லி ஆள் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஊரில் குறள் வகுப்பு எடுக்கிறவர், மேடையில் வரதட்சணையைக் கிழிகிழி என்று கிழிப்பவர். "நாங்க வாயைத் திறந்து ஒண்ணும் கேக்கலை ஆசாரி. அவங்களா ஆசைப்பட்டுப் போடறாங்க. சும்மா ஒருதரம் உரசிப் பாத்துட்டா பொண்ணு வீட்டுக்கும் நிம்மதி பாருங்க" என்றார். நான் ஆரத்தை உரசி, மாற்றுச் சொல்லி, தட்டில் வைத்தேன். மாப்பிள்ளையின் அம்மா நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "கல்லைக் கழிச்சிட்டு எடை சொல்லுங்க" என்றார். தோடு, வளையல், நெளி மோதிரம் என்று எல்லாவற்றுக்கும் கல்லைக் கழித்து, அரக்கைக் கழித்து எழுதினார்கள். கூட்டிப் பார்த்ததில் முக்கால் பவுன் குறைந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. "மூத்த மருமகளுக்கு ஐம்பது போட்டாங்க, அதையும் நாங்க கேக்கலையே" என்று மட்டும் அந்த அம்மா கூரையைப் பார்த்துச் சொன்னார். பெண்ணின் அப்பா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாயந்திரத்துக்குள்ள கொண்டாந்துடறேங்க" என்றார்.

கேட்டதாக எந்தக் கோர்ட்டில் நிரூபிப்பது? 1961-இல் வந்த வரதட்சணைத் தடைச் சட்டப்படி, வாங்கினாலும் கொடுத்தாலும் 5 ஆண்டுக்குக் குறையாத சிறை. கேட்காமல் கொடுக்கும் பரிசுக்கு மட்டும் விலக்கு உண்டு, அதற்கும் பட்டியல் எழுத வேண்டும். 1985-இல் வந்த விதிகள் அதை விவரமாகச் சொல்கின்றன: என்ன பொருள், சுமாராக என்ன மதிப்பு, கொடுத்தது யார், என்ன உறவு. எழுத்தில் இருக்க வேண்டும், மணமகன் மணமகள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். வக்கீல் ஒருவர் பட்டறைக்கு வந்திருந்தபோது சொல்லித்தான் எனக்கே தெரியும். மண்டப வாசலில் மேஜை போட்டு, 101 ரூபாய் மொய்யைக்கூட ஊர், தகப்பன் பெயரோடு எழுதிக்கொள்கிறோம். எழுதுவதற்கு நம்மிடம் ஆளும் இருக்கிறது, நோட்டும் இருக்கிறது. ஆனாலும் சட்டம் கேட்கும் அந்த ஒரு பட்டியலை எழுதிய கல்யாணத்தை நான் பார்த்ததே இல்லை. எழுதினால் 'கேட்காமல் வந்தது' எவ்வளவு என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கட்டுரை வந்த தாளின் பின்பக்கம் முழுக்க ஒரு நகைக்கடை விளம்பரம். அதற்கு அடுத்த பக்கம் 'வரன் தேவை'. விளம்பரம் இல்லாமல் பத்திரிகை நடத்த முடியாது என்று எனக்கும் தெரியும், நகை விற்காவிட்டால் என் வீட்டிலும் உலை கொதிக்காது. ஆகவே விளம்பரத்தை எடுங்கள் என்று கேட்கவில்லை. வருகிற தை முகூர்த்தங்களுக்கு முன்னால், அந்தப் பட்டியலில் என்னென்ன எழுத வேண்டும், யார் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளும் அளவில் ஒரு கட்டம் கட்டி, 'வரன் தேவை' பக்கத்திலேயே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நகைத் தொழிலாளி ஒருவர்,
திருக்கோவலூர்.