குதிரையைக் கொன்றது யார்? காக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள காக்கா, என் அருமை அண்ணனே, அஸ்ஸலாமு அலைக்கும்.

கிண்டி லாயத்திலிருந்து பந்தயக் குதிரை காணாமல் போகிற உங்க மர்மக் கதையைப் படித்தேன். நன்றாகச் சிரித்தேன். ஆனால் திருடன் ஜாக்கிதான் என்பது நாலாம் பக்கத்திலேயே தெரிந்துபோச்சு. குதிரைப் பந்தயம் திறமை ஆட்டம்தான் என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டதாக வீட்டில் வாதாடுகிற ஆள் நீங்கள். கதையிலும் கொஞ்சம் திறமையைக் காட்டலாமே!

இதைவிடப் பெரிய கேஸ் நம்ம பாண்டிய நாட்டுக் கரையிலேயே கிடக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த மார்க்கோ போலோ எழுதுகிறார்: ராஜா வருஷத்துக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குவாராம். கூடப் பிறந்த நாலு பேரும் அப்படியே. வருஷக் கடைசியில் எண்ணினால் 100 தேறாது.

யார் கொன்றது?

முதலில் சமையல்காரர். கொள்ளும் புல்லும் தின்கிற ஜீவனுக்கு, புது மாப்பிள்ளைக்கு வைக்கிற மாதிரி கறியும் சோறும் ஆக்கிப் போட்டிருக்கிறார்கள். அடுத்து நரி. மாணிக்கவாசகர் கதையில் வந்த பரியெல்லாம் ராத்திரி நரியாகி, லாயத்திலிருந்த பழைய குதிரைகளைக் கடித்துப்போட்டு ஓடினதே! அரண்மனை ஆட்கள் அந்தப் பழைய கேஸைத் தூசி தட்டாமலா இருந்திருப்பார்கள்?

எனக்கு வியாபாரி மேல்தான் சந்தேகம். லாடம் கட்டி வைத்தியம் பார்க்கிறவரை அவர்கள் கூட்டி வருவதில்லை. தானாகக் கிளம்புகிறவரையும் தடுத்துவிடுவார்களாம். குதிரை பிழைத்துக்கொண்டால் அடுத்த வருஷம் யாரிடம் விற்பது? பாரசீகத்து வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னொன்று சொல்கிறார். குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார்; வழியில் செத்தாலும் கஜானா பணம் கட்டிவிடும். காக்கா, உங்க கதை இங்கேதான் இருக்கு. நடுக்கடலில் செத்ததாகக் கணக்கெழுதிய குதிரை, பாரசீக வளைகுடாத் துறைமுகமான ஹோர்முஸில் கப்பல் ஏறியதை யார் பார்த்தது?

துப்பறிய ஒரு லாடக்காரரையே போடுங்கள். சுத்தியலைப் பேரீச்சை மூட்டைக்குள் ஒளித்துக்கொண்டு நம்ம பெரியபட்டினத்தில் இறங்கட்டும். தோண்டினால் சீனப் பீங்கான் சில்லு கிடைக்கிற பழைய துறைமுகம், கப்பலுக்கா பஞ்சம்? இறங்கினதும் அவர் பார்ப்பது, அண்டா முன்னால் நிற்கிற ஒரு குதிரை. காதைப் பின்னால் மடக்கி, கறித்துண்டை உதட்டால் ஒதுக்கித் தள்ளிவிட்டு, சோற்றை மட்டும் பொறுக்கித் தின்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். கள்ளக் கணக்கு எழுதுகிறவனுக்கு நம்ம மச்சான் பேரை வைத்துவிடாதீங்க. போன கதைக்குப் பிறகு அவர் இப்போதுதான் என்னோடு பேச ஆரம்பித்திருக்கிறார்.

கீழக்கரையிலிருந்து,
உங்கள் தம்பி