அரிசிம்பருப்புச் சோறு தந்த அம்மாவுக்கு

அன்புடையீர்,

வணக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை பவானி சாலையில் நடந்த விபத்தை எங்கள் தெருவிலும் பள்ளியிலும் அறியாதவர் இல்லை. அன்று காலை தேங்காய் துருவும்போது என் விரலில் பட்ட வெட்டின் மேல், அடிபட்ட இளைஞரின் இரத்தம் 108 வண்டி வரும்வரை படிந்திருந்ததும், அதன்பின் நான் பட்ட பாடும் உங்களில் பலருக்குத் தெரியும். மூன்றாம் மாதப் பரிசோதனையிலும் எச்.ஐ.வி. தொற்று இல்லை என்ற முடிவு நேற்று என் கைக்கு வந்தது. அந்தத் தாளை மடிக்கக்கூட முடியாதபடி நடுங்கிய கை இன்னும் முழுதாக அடங்கவில்லை. அதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, விரலை அழுத்திப் பிதுக்காமல் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்ன தேநீர்க் கடைக்காரருக்கும், மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்தால் போதும் என்று ஒரு மருத்துவர் சொல்லி அனுப்பிய பிறகு, 72 மணி நேரத்துக்குள் தொற்றைத் தடுக்கும் மாத்திரை தொடங்க வேண்டும், விடிந்ததும் கிளம்புங்கள் என்று எய்ட்ஸ் உதவி எண்ணான 1097-இல் பேசிய சகோதரிக்கும், விடுப்பெடுத்து உடன் வந்த சக ஆசிரியைக்கும், தொற்றுள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்திய காயத்திலேயே ஆயிரத்தில் மூன்று பேருக்குத்தான் தொற்றுகிறது, உங்களுக்கு அதைவிடக் குறைவு என்று பொறுமையாக விளக்கிய நம்பிக்கை மைய (எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையம்) ஆலோசகருக்கும், 28 நாளும் இரவில் மாத்திரையை நினைவூட்டிய என் கணவருக்கும் என் நன்றி.

ஆனால் இந்த மடல் முதன்மையாக, பெயர் தெரியாத ஓர் அம்மாவுக்கு உரியது. செவ்வாய்க்கிழமை காலை, 39 மணி நேரம் கடந்த நிலையில், அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. மாத்திரைகள் தரும் ஏ.ஆர்.டி. மையத்து மரப்பலகையில் முகத்தை மூடிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் மெல்ல, “முதல் மாத்திரைங்களா? வெறும் வயித்துல போட்டுறாதீங்க கண்ணு, கிறுகிறுன்னு வரும்” என்றார். பதினான்கு ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுவதாகவும், இப்போது பரிசோதித்தால் இரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டதாகவும், மகளுக்குக் கல்யாணம் முடித்துப் பேரன் பார்த்துவிட்டதாகவும் சொன்னார். பிறகு மஞ்சள் பையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் திறந்தார். அரிசிம்பருப்புச் சோறு, மேலே ஒரு துண்டு மாங்காய் ஊறுகாய். மூடியில் பாதியை வைத்து நீட்டப் போனவர், கையைப் பாதியிலேயே நிறுத்தி, “நீங்க சாப்புடுவீங்களா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. பத்தாம் வகுப்பில் எய்ட்ஸ் பாடம் நடத்தும்போது, சேர்ந்து உண்பதால் இது பரவாது என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறவள் நான். அதே நான்தான் இரண்டு நாளாக என் தட்டையும் தம்ளரையும் தனியே வைத்து, என் மகள் அருகில் வந்தபோது விலகி அமர்ந்திருந்தேன். இந்த அம்மாவிடம் எத்தனை பேர் அப்படி விலகியிருந்தால், சோறு கொடுக்கும்போதும் அனுமதி கேட்கும் பழக்கம் அவருக்கு வந்திருக்கும்! மூடியை வாங்கி, ஒரு பருக்கை மிஞ்சாமல் சாப்பிட்டேன். நான் உண்டு முடிக்கும்வரை அவர் தம் பங்கைத் தொடவில்லை.

அடிபட்ட இளைஞர் குணமடைந்து வீடு திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அவருக்குத் தொற்று உண்டா இல்லையா என்பதை அவர் சம்மதமின்றி யாரும் சொல்லக்கூடாது என்று ஆலோசகர் விளக்கினார், நானும் விசாரிக்கவில்லை. ஆயினும் மனத்துக்குள் அவரை ஓர் ஆளாக நினைக்காமல், என் விரலில் பட்ட ஆபத்தாக மட்டுமே பல இரவுகள் நினைத்துக் கிடந்தேன். அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நாளையே இன்னொருவர் சாலையில் கிடந்தாலும் ஓடத்தான் போகிறேன். கைப்பையில் இப்போது இரண்டு ஜோடிக் கையுறைகள் இருக்கின்றன.

இரத்தம் வழியே பரவும் இன்னொரு நோயான கல்லீரல் அழற்சி பி (ஹெபடைடிஸ் பி) தடுப்பூசியின் மூன்றாம் தவணைக்கு அதே மருத்துவமனைக்கு இன்னும் ஒரு முறை போக வேண்டும். அந்த அம்மா மாத்திரை வாங்க வருவது செவ்வாய்க்கிழமைகளில்தான் என்று சொல்லியிருந்தார். நானும் ஒரு செவ்வாயன்றே, இருவருக்கும் போதுமான அரிசிம்பருப்புச் சோற்றோடு போய், அந்தப் பலகையில் காத்திருப்பேன்.

நன்றியுடன்,
ஓர் அறிவியல் ஆசிரியை