ஜூன் விடுமுறையில் ஓர் இரவைக் கூத்துக்கு ஒதுக்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் ஜூன் பள்ளி விடுமுறைக்குத் தமிழ்நாடு செல்ல நினைக்கும் குடும்பங்கள் இப்போதே விமானச் சீட்டு பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். தி.நகர்க் கடைகள், மாமல்லபுரம், குலதெய்வக் கோயில் என்று நீளும் அந்தப் பட்டியலில், வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடைதோறும் மகாபாரதக் கதையை விடிய விடிய ஆடிப் பாடி நடிக்கும் பாரதக் கூத்துக்கும் ஓர் இரவை, அதுவும் முழு இரவை, ஒதுக்குமாறு கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் தீபாவளிக்கு முன்னதாகத் தீமிதி நடக்கும்போது, ஆண்டுதோறும் பிள்ளைகளை அழைத்துச் செல்வேன். 1827ஆம் ஆண்டு தோன்றிய அந்தக் கோயிலில் திரௌபதிக்குத் தனிச் சன்னதி உண்டு. களப்பலியாகும் அர்ச்சுனன் மகன் அரவான், போர்க்களச் சடங்கான படுகளம் என்ற சொற்களெல்லாம் பிள்ளைகளின் காதில் விழுந்துதான் இருக்கின்றன. ஆனாலும், பூக்குழியில் இறங்குவது பல நாள் நடந்த ஒரு பெருங்கதையின் கடைசி நாள் என்பதை எவ்வளவு சொல்லியும் அவர்களுக்கு விளங்கவைக்க என்னால் முடியவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பயண முகவர் மூலம் சென்றபோது, திட்டத்தில் 'தெருக்கூத்து' என்று ஒரு வரி இருந்ததைப் பார்த்து மிகவும் ஆசைப்பட்டோம். விடுதியின் புல்வெளியில், இரவு உணவுக்கு முன், நாற்பது நிமிடத்தில் கர்ணன் கதையை முடித்துவிட்டார்கள். ஆடிய கலைஞர்கள்மீது எனக்குக் குறையே இல்லை; கேட்ட அளவுக்குத்தான் அவர்களால் ஆட முடியும். "அவ்வளவுதானாம்மா?" என்று மகன் கேட்டதுதான் மனத்தில் தைத்தது. சுருக்கிக் காட்டச் சொல்லி நாம் கேட்கக் கேட்க, சுருக்கம்தான் கூத்து என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள்.

உண்மையில் பாரத விழா மாசி, பங்குனியில் தொடங்கி ஆனி வரை ஊர் ஊராக நடக்கிறது. பிற்பகலில் கதை சொல்லும் பிரசங்கியார், வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார். இரவு பத்து மணி வாக்கில் அந்தக் கதை கூத்தாகக் களம் ஏறும். வில்வளைப்பு, சுபத்திரை கல்யாணம், பாஞ்சாலி துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று இரவுக்கு ஒரு கதை. கடைசி நாள் காலையில், மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தின்மேல் பீமன் தொடை பிளக்க, திரௌபதி விரித்த கூந்தலை முடிப்பாள். அன்று மாலைதான் தீமிதி. நம் ஜூன் விடுமுறை வைகாசிக் கடைசியிலும் ஆனியிலுமாக விழுவதால், விழாக் காலத்தின் பின்பகுதியாவது நமக்குக் கிடைக்கிறது.

சிக்கல் தேதியில்தான் இருக்கிறது. விழா நாளை ஊர்க்காரர்களே கூடி முடிவு செய்கிறார்கள். எந்த இரவு என்ன கதை, எந்த ஜமா, அதாவது எந்தக் கூத்துக் குழு, ஆடுகிறது என்பது சில வாரங்களுக்கு முன்புதான் நோட்டீசில் அச்சாகி வரும். கடந்த ஆண்டு எங்களுக்கு வழி காட்டியவர் என் கணவருடன் வேலை செய்யும் செய்யாற்றுப் பக்கத்துத் தம்பி. அவர் ஊர் நோட்டீசு அவர் கைப்பேசிக்கு வந்திருந்தது. அதைப் பார்த்த பிறகே விமானச் சீட்டு எடுத்தோம்.

காஞ்சிபுரத்தில் தங்கினால் செய்யாறு வட்டாரத்து ஊர்களுக்குக் காரில் போய்வரலாம். திருவண்ணாமலையிலும் தங்கலாம், ஆனால் பௌர்ணமி நாளாக இருந்தால் கிரிவலக் கூட்டத்தில் அறை கிடைப்பது கடினம். விசாவையும் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். பலர் மறந்துவிடும் ஒன்று, நேர வேறுபாடு. அங்கே இரவு பத்து மணி என்றால் நம் உடம்புக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. போய் இறங்கிய அன்றே கூத்துக்குச் சென்றால் பிள்ளைகள், கூத்தைத் தொடங்கிவைக்கும் கோமாளியான கட்டியக்காரன் வருமுன் உறங்கிவிடுவார்கள். இரண்டு நாள் கழித்து, பகலில் நன்றாகத் தூங்கவைத்து அழைத்துச் செல்லுங்கள். உட்காரப் பாய், விடியற்காலைக்கு ஒரு போர்வை, குடிக்கத் தண்ணீர் போதும்.

முடிந்தால் ஒன்பது மணிக்கே போய் வேடம் கட்டும் கொட்டகையை வெளியில் நின்று பாருங்கள். கையகலக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் தம் முகத்தில் சிவப்பு அரிதாரம் பூசி, மீசையை மையால் இழுத்து, தோளில் கட்டும் புஜக்கட்டையையும் கிரீடத்தையும் கயிறு போட்டு இறுக்க இறுக்க, சற்றுமுன் பீடி பிடித்துக்கொண்டிருந்த மனிதர் துச்சாதனனாக எழுந்து நின்றதை என் மகன் வாய் மூடாமல் பார்த்தான். நாங்கள் பார்த்தது பாஞ்சாலி துகில். சேலையில் கைவைக்கும் கட்டம் வந்ததும், ஊதுகுழலான முகவீணை நின்றது. அதுவரை ஆர்ப்பரித்த துச்சாதனன், பெண் வேடம் கட்டியவர்முன் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு, அதன் பிறகே சேலையைத் தொட்டார். என் அருகில் இருந்த பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் மகளும் போட்டுக்கொண்டாள். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. நாற்பது நிமிடக் காட்சியில் இந்த இடம் இருந்திருக்க முடியாது, ஏனென்றால் அங்கே அதற்கு முன் ஐந்து மணி நேரம் நாங்கள் அந்தப் பாட்டியோடு ஒரே பாயில் உட்கார்ந்திருக்கவில்லை.

இது கோயில் விழா என்பதை மறவாமல், பளிச்சென்று விளக்கடித்துப் படம் எடுப்பதைத் தவிர்ப்பதும், ஊரார் கூத்தாடிகளுக்கு அன்பளிப்புத் தரும்போது நம்மால் இயன்றதைத் தருவதும் நல்லது.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம், வேலூர் வட்டாரங்களைச் சேர்ந்த எத்தனையோ பேர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். தங்கள் ஊர்ப் பாரத விழா நோட்டீசை அனுப்புமாறு மே மாதத் தொடக்கத்தில் அவர்களைக் கேட்டு, ஊர், நாள், கதை ஆகிய மூன்றையும் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிட்டால், போக விரும்பும் குடும்பங்கள் அதைப் பார்த்துப் பயண நாளை அமைத்துக்கொள்ள முடியும். எங்கள் வீட்டில் இந்த ஆண்டு கர்ண மோட்சத்துக்காகக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
வாசகி,
அங் மோ கியோ